ஆமா சொல்லாத ருபியேலா

"மேசையில வை."

நோட்டை நீட்டிக்கொண்டு நிற்கும் ஆளை ருபியேலா நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவர் வெளியூர்க்காரர், விஷயம் தெரியாதவர். டிக்கெட் ஜன்னல் கம்பிக்குள் கையை இன்னும் கொஞ்சம் நுழைக்கிறார். ருபியேலா நாற்காலியோடு பின்னால் நகர்கிறாள். "மேசையில வைங்கன்னு சொல்றேன்ல? உங்க கையிலருந்து நான் வாங்கமாட்டேன்." அந்த மனிதர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டையில் துடைத்துக்கொள்கிறார். பிறகு நோட்டை மேசையில் வைக்கிறார். கோழி தானியத்தைக் கொத்துவதுபோல அவள் அதைக் கொத்தி டிராயரில் போடுகிறாள்.

"இந்த ஜீப் சான் ஃபெலிக்ஸ் போகுமா அம்மா?"

"போகாம? பின்ன எங்க வீட்டுக்கா வரும்?"

"உட்கார இடம் இருக்குமா?"

"இடம் இல்லாமலா டிக்கெட் கிழிக்கிறேன்?"

அவர் குழம்பிப்போய் ஜீப்பில் ஏறுகிறார். கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. ஆனால் யாரோ தன்னைத் திட்டியதுபோலவும் இருந்தது. டிசம்பர் மாதம் சலமினா ஜீப் நிலையத்தில் டிக்கெட் வாங்கும் எவருக்கும் இந்த அனுபவம் உண்டு.

டிசம்பர் பதினாறு வந்தால் எங்கள் ஊரில், ஊர் என்ன, கொலம்பியா முழுக்கவே, குழந்தை இயேசுவுக்கு ஒன்பது நாள் ஜெபம் தொடங்கும். கூடவே ஒன்பது நாள் விளையாட்டும் தொடங்கும். ஜெபம் சாயங்காலம் கொஞ்ச நேரம். விளையாட்டு மிச்ச நேரம் முழுக்க. அண்டை அயல், அண்ணன் தங்கை, மாமியார் மருமகள், யார் வேண்டுமானாலும் யாரோடும் பந்தயம் கட்டலாம். எதிராளி கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது என்பது ஒரு விளையாட்டு. வாயில் எந்நேரமும் ஒரு துண்டு வைக்கோல் இருக்க வேண்டும், 'காட்டு' என்றதும் நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும் என்பது இன்னொன்று. ஒருவர் 'ஆமா' சொல்லக் கூடாது, மற்றவர் 'இல்ல' சொல்லக் கூடாது என்பது மூன்றாவது. மாட்டினால் எதிராளி "என் அகினால்டோ!" என்று தெரு அதிரக் கத்துவார். அகினால்டோ என்றால் கிறிஸ்துமஸ் பரிசு. இருபத்துநாலாம் தேதி இரவு வரை யார் அதிகம் மாட்டினாரோ அவர் மற்றவருக்கு அதை வாங்கித் தரவேண்டும். பரிசு என்னவோ பெரும்பாலும் ஒரு ஜோடி காலுறைதான். அந்தக் காலுறைக்காக உயிர்த்த ஞாயிறு வரை பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும்.

சாதாரண மனிதர்கள் ஒருவரோடு, இருவரோடு ஆடுவார்கள். ருபியேலா ஊரோடு ஆடுகிறாள். "வெளியூர்க்காரன்கிட்ட உனக்கு என்ன பந்தயம் அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "யார் அனுப்பின ஆளோ, யார் கண்டா?" என்றாள்.

என் மருந்துக்கடை அவள் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. வீடும் அவள் வீட்டுக்கு அடுத்த வீடு. எனக்குத் தொழில் மாத்திரை விற்பது, பொழுதுபோக்கு அவளை வேடிக்கை பார்ப்பது. என்னை அவள் 'மாத்திரைத் தம்பி' என்றுதான் கூப்பிடுவாள். அவளோடு எனக்கும் வருஷாவருஷம் பந்தயம் உண்டு. நான் 'இல்ல' சொல்லக் கூடாது. பதினாறாம் தேதி காலையில் கடையைத் திறந்து ஷட்டரை முழுசாக ஏற்றக்கூட இல்லை, எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வரும்.

"மாத்திரைத் தம்பி! இன்னிக்குப் பதினேழுதானே?"

"இல்லக்கா, பதினாறு."

"என் அகினால்டோ!"

இதே கேள்வியை வருஷாவருஷம் கேட்கிறாள். நானும் வருஷாவருஷம் மாட்டுகிறேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் அளவுக்கு எந்தத் தவளையும் கெட்டிருக்காது.

அவளோ போன டிசம்பர் வரை ஒரு தடவைகூட 'ஆமா' சொல்லி மாட்டியதில்லை. ஊரில் முயலாதவர் இல்லை. பாவசங்கீர்த்தனத்தின்போது பாதிரியாரே முயன்றிருக்கிறார். "மகளே, இந்த வாரம் புறம் பேசினாயா?" என்று கேட்டாராம். "வேற யாரு சாமி பேசுவா இந்த ஊர்ல?" என்றாளாம். நாக்குக்கு அடியில் வைக்கோலைப் பதுக்கிக்கொண்டே நற்கருணை வாங்குகிறவளிடம் அவர் இதற்கு மேல் எதை எதிர்பார்க்க முடியும்? தங்கை நெல்சியின் பேத்திக்கு ஞானஸ்நானம் நடந்ததும் ஒரு டிசம்பரில்தான். ஞானத்தாய் ருபியேலா. குழந்தையைக் கையில் கொடுக்க வந்தார்கள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "பெஞ்சுல வைங்க, எடுத்துக்கறேன்," என்றாள். வைத்தார்கள். எடுத்துக்கொண்டாள். குழந்தை அழவில்லை, வேடிக்கை பார்த்தது.

இதெல்லாம் பரம்பரைச் சொத்து. அவளுடைய அப்பா எலியாசர், ஊருக்கு மரியாதையாக 'டான் எலியாசர்', கோவேறு கழுதைகளில் காபி மூட்டை ஏற்றி மலைமலையாகத் திரிந்தவர். அவர் சாகக் கிடந்தது ஒரு டிசம்பர் நடுவில். நோயில் பூசுதல் கொடுக்க வந்த பாதிரியார், "சாத்தானை விட்டுவிடுகிறாயா?" என்று கேட்டார். கட்டிலைச் சுற்றி மகள்கள், மருமகன்கள், பந்தயக்காரர்கள், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கிழவர் ஒரு கண்ணைத் திறந்தார். "அந்தப் பயலோட எனக்கு என்ன பேச்சு?" என்றார். பாதிரியார் யோசித்துப் பார்த்து, அது போதும் என்று முடிவு செய்தார். மோட்சத்தில் அவரை அனுமதித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன், அங்கேயும் வாசலில் நேரடியான கேள்வி எதுவும் கேட்காமல் இருந்திருந்தால்.

ருபியேலாவின் வீட்டுக் குடிலைப் பார்க்க மேட்டுத்தெருவிலிருந்தெல்லாம் வருவார்கள். கூடத்தில் பாதி பெத்லகேம், மீதியில் நாங்கள். குழந்தை இயேசு மாட்டைவிடப் பெரியவர். "கடவுள்னா சின்னதாவா இருப்பாரு?" என்பது அவள் விளக்கம். உடைந்த முகக்கண்ணாடி ஒன்று குளம். அதில் ஏழெட்டு வாத்து. குளக்கரையில் நெல்சி மகனின் பழைய டைனோசர் தண்ணீர் குடிக்கிறது. மூன்று ராஜாக்களில் பல்தசாருக்கு என்றைக்கோ தலை போய்விட்டது. அவர் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கோல்கீப்பர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒட்டகத்துக்குப் பின்னால் வருகிறார். இதைக் கேலி செய்த ஒருவரிடம் ருபியேலா சொன்னாள்: "மத்த ரெண்டு பேரும் பரிசு கொண்டு வர்றாங்க. கீழ விழாம பிடிக்க ஒரு ஆள் வேணாமா?"

ஜெப நாட்களில் அவள் புன்யுவேலோ பொரிப்பதும் பார்க்க வேண்டிய காட்சி. பாலாடைக்கட்டியும் மாவும் பிசைந்த உருண்டை அது. பதம் கொஞ்சம் தப்பினாலும் எண்ணெயில் வெடிக்கும். அதனால் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, கரண்டியோடு நிற்பாள். போருக்குப் போகிறவளா பலகாரம் போடுகிறவளா என்று சந்தேகம் வரும். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கட்டளைகள் வரும், பாதி புரியாது. ஆனால் அந்த உருண்டைகள்! வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. நான் மருந்துக்கடைக்காரன், எண்ணெய்ப் பலகாரத்தைப் பற்றி ஊருக்கு உபதேசம் செய்கிறவன். அங்கே போனால் என் உபதேசம் எனக்கே கேட்பதில்லை.

டிசம்பர் ஏழு, மெழுகுவத்தித் திருநாளன்று ஊரே வாசலிலும் நடைபாதையிலும் விளக்கேற்றும். எல்லாம் ஏற்றி முடிந்ததும் ருபியேலா மலைப்பாதையில் ஒரு வளைவுக்குப் போகவேண்டும். அங்கிருந்து பார்த்தால் கீழே முழு ஊரும் மினுங்கும். அவள் இடுப்பில் கைவைத்து நின்று, தெருத்தெருவாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்பாள், அரசாங்கம் அவளை மேற்பார்வைக்கு அனுப்பியதுபோல. அதன் பிறகுதான் அவளுக்குக் கிறிஸ்துமஸ் தொடங்கும். அந்த வளைவுக்கு அவளையும் நெல்சியையும் என்னையும் ஏற்றிப்போவது எவேலியோவின் ஜீப். அவர் எஞ்சினை நிறுத்தாமல், முன்விளக்கை மட்டும் அணைத்துவிட்டுக் காத்திருப்பார். அவள் ஊரைப் பார்ப்பாள். அவர் எதைப் பார்ப்பார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

எவேலியோ சான் ஃபெலிக்ஸ் தடத்தில் ஜீப் ஓட்டுகிறவர். மனைவி இறந்து வெகுகாலமாகிறது. பெரிய கை, சின்னக் குரல். ருபியேலாவோடு அவருக்கு 'ஆமா-இல்ல' பந்தயம். அவள் 'ஆமா' சொல்லக் கூடாது, அவர் 'இல்ல' சொல்லக் கூடாது. அவர் மாட்டுகிற மாட்டலைப் பார்த்தால் என்னையே கெட்டிக்காரன் என்று சொல்லிவிடலாம். "சாப்பிட்டாச்சா எவேலியோ?" "இன்னும் இல்லைங்க." "என் அகினால்டோ!" "டீசல் போட்டாச்சா?" "இல்லைங்களே." "என் அகினால்டோ!" ஒரு கிறிஸ்துமஸுக்குக் குடை வாங்கித் தந்தார். இன்னொரு கிறிஸ்துமஸுக்கு அலாரம் கடிகாரம். மழைக்காலத்துக்கு ரப்பர் பூட்ஸ். ஒருமுறை முட்டையிடும் கோழி, கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி. தோற்ற மனிதரின் முகம் அவ்வளவு மலர்ந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"அந்த மனுஷனுக்கு மூளை கொஞ்சம் மந்தம் தம்பி," என்பாள் ருபியேலா, பூட்ஸைப் போட்டு நடந்து காட்டியபடி. "ஆனா தோத்தா ஒழுங்கா வாங்கித் தர்றான். அது ஒண்ணு சொல்லணும்."

போன டிசம்பரில் எவேலியோ முழங்கால் தைலம் வாங்க என் கடைக்கு வந்தார். பெரெய்ராவில் இருக்கும் மகன் விடாமல் கூப்பிடுகிறானாம். மலையில் தனியாக என்ன செய்கிறீர்கள், ஜீப்பையும் எடுத்துக்கொண்டு இங்கேயே வந்துவிடுங்கள் என்கிறானாம்.

"இருபத்துநாலாம் தேதி காலையில கிளம்பலாம்னு இருக்கேன்," என்றார்.

"ருபியேலா அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லணும்." தைலத்தின் மூடியைத் திறந்து மூடினார். "இன்னொண்ணும் கேக்கணும்."

எனக்குப் புரிந்துவிட்டது. கடையில் வேறு ஆள் இல்லையென்றால் அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன். தைலத்தில் விலை குறைத்துக் கொடுத்தேன்; என்னால் முடிந்தது அதுதான்.

அவர் கேட்ட நேரம்தான் சரியில்லை. ஜெபம் ருபியேலா வீட்டில் நடந்த சாயங்காலம் அது. கூடம் நிறைய ஜனம், கிலுகிலுப்பையும் பாட்டுமாக. ஜெபம் முடிந்து எல்லோரும் பலகாரத்துக்காக அடுக்களை வாசலில் முட்டி மோதிக்கொண்டிருந்தோம். ருபியேலா ஹெல்மெட்டோடு அடுப்படியில் நின்றாள். எவேலியோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ருபியேலா."

வழக்கமாக 'ருபியேலாம்மா' என்பார். அன்று 'அம்மா' இல்லை. எனக்கு வாயில் போட்ட உருண்டை அப்படியே நின்றது.

"என்னய்யா?" என்றது ஹெல்மெட்.

"நான் பெரெய்ராவுக்குப் போறேன். மகன் கூப்பிடறான். ஆனா நீங்க..." தொப்பி அவர் கையில் ஒரு சுற்று சுற்றியது. "நீங்க என்னைக் கட்டிக்கிறீங்களா? கட்டிக்கிறதா இருந்தா நான் போகல."

சட்டியில் ஒரு உருண்டை வெடித்தது. ருபியேலா ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கினாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்த முகத்தில் நான் அதற்கு முன் பார்த்திராத ஒன்று வந்தது. வாய் திறந்தது. உடனே அவளுக்குள் இருந்த டான் எலியாசர் விழித்துக்கொண்டார்.

"அடேங்கப்பா!" என்றாள். "என் வாயிலருந்து அந்த வார்த்தையை வரவைக்க இப்படி ஒரு வழியா! எத்தனை நாளா யோசிச்சே? பெரெய்ராவாம், மகனாம், கல்யாணமாம்! இதெல்லாம் விளையாட்டுதானேய்யா?"

எவேலியோ எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இல்ல," என்றார். "விளையாட்டு இல்ல."

"என் அகினால்டோ!" கரண்டி கூரைக்கு உயர்ந்தது. "ரெண்டு 'இல்ல'! ஒரே மூச்சுல ரெண்டு! ரெட்டை அகினால்டோ!"

வீடே சிரித்தது. கிலுகிலுப்பைகளைக் குலுக்கினார்கள். எவேலியோவும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சிரித்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு, "நல்லா இருங்க எல்லாரும்," என்று சொல்லிவிட்டுப் பலகாரம் சாப்பிடாமலே போனார். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நெல்சி. மற்றவன் நான்.

அடுத்த நாட்களில் டிக்கெட் ஜன்னலுக்கு வந்த அத்தனை பேருக்கும் ருபியேலா இந்தக் கதையைச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் எவேலியோவின் குரல் இன்னும் உருக்கமாகிக்கொண்டே போனது. "எப்பேர்ப்பட்ட திட்டம்! நான் இல்லாம வேற எவளாச்சும் இருந்தா விழுந்திருப்பா!" என்பாள். அதற்கிடையில் சான் ஃபெலிக்ஸ் தடத்துக்கு வேறு ஒருவர் ஜீப் ஓட்டிவந்தார். "வெக்கப்பட்டுக்கிட்டு வரல," என்றாள். ஆனால் ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கழுத்து ஜன்னலுக்கு வெளியே நீண்டதைக் கடையிலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இருபத்துமூன்றாம் தேதி மத்தியானம் நத்தில்யா கிண்டினார்கள். பாலும் வெல்லமும் சோளமாவும் சேர்த்துக் கெட்டியாகக் கிண்டுகிற இனிப்பு அது. கை எடுத்தால் அடிப்பிடிக்கும். அக்காவும் தங்கையும் மாற்றி மாற்றிக் கிண்ட, பட்டைத் தூள் கொடுக்க வந்த சாக்கில் நானும் உட்கார்ந்திருந்தேன். நெல்சிதான் ஆரம்பித்தாள்.

"அக்கா, அந்த மனுஷன் நெசமாத்தான் கேட்டாரு."

"போடி."

"கட்டிலைப் பிரிச்சு வச்சிருக்காரு. போய்ப் பாரு."

"நாடகம்னா கட்டிலையும் பிரிப்பான். லேசுப்பட்ட ஆளுன்னு நெனைச்சியா?"

"ஐயோ, உன் தலையில என்னதான் இருக்கு? இத்தனை வருஷமா வேணும்னே தோத்துட்டு இருக்காருக்கா! உனக்குக் குடை வாங்கித் தர ஒரு சாக்கு வேணுமேன்னு தோத்தாரு. ஊருக்கே தெரியும், உனக்கு மட்டும்தான் தெரியாது."

துடுப்பு நின்றது.

"வேணும்னேவா?" ருபியேலா என் பக்கம் திரும்பினாள். "மாத்திரைத் தம்பி, நீ சொல்லு. வேணும்னேவா?"

"அப்படித்தான் தோணுது அக்கா."

"அலாரம் கடிகாரம்?"

"அதுவும்தான்."

"பூட்ஸு?"

"பூட்ஸும்."

"கோழி?" குரல் உடைந்தது.

"கோழியும்தான் அக்கா."

அவள் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நான் ஜெயிச்சதெல்லாம்?" என்றாள். "என்னை ஏமாத்தி ஜெயிக்க வச்சிருக்கான்டி! எவ்வளவு திமிர் இருக்கணும்!" கோபத்தில் எழுந்தாள், திரும்பவும் உட்கார்ந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, உண்மையாகவே பாவமாக இருந்தது. தன் வீரமெல்லாம் இன்னொருவரின் பிரியம் என்று தெரியவந்தால் யாருக்குத்தான் தாங்கும்?

நத்தில்யா அடிப்பிடிக்கத் தொடங்கியது. அந்த வீட்டில் தீய்ந்த வாடை வந்தது நானறிய அதுதான் முதல் தடவை. நெல்சி பாய்ந்து துடுப்பை எடுத்தாள்.

"அந்த மனுஷன் போயிட்டா நான் யார்கூட ஆடுவேன்?" என்றாள் ருபியேலா மெதுவாக.

"ஊரே இருக்கே."

"ஊர் எனக்கு எதுக்குடி?"

"அப்ப போய்ச் சொல்லு."

"சொன்னா தோத்துருவேனே!"

நெல்சி துடுப்பை ஓங்கினாள். நான் பட்டைத் தூளை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலை எவேலியோவின் ஜீப் ஜீப் நிலையத்துக்கு முன்னால் வந்து நின்றது. பெரெய்ராவுக்குப் போக இதைவிட நேரான பாதை ஒன்று இருக்கிறது. எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஜீப் மேல் ஒரு வீடே ஏறியிருந்தது. பிரித்த கட்டில், மெத்தை, தலைகீழாக நாற்காலிகள், பானை, பாத்திரம், வாழைத்தார், துண்டு சுற்றிய மாதா சொரூபம், எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரு பன்றிக்குட்டி. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஜீப்பை அணைத்தால் திரும்பக் கிளப்ப நாலு பேர் தள்ள வேண்டும்.

வேலை நேரத்தில் ருபியேலா நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. அன்று எழுந்தாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, ஜீப் மூக்குக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினேன். பூங்காவில் ஷூ துடைக்கிறவர், பழக்காரி, ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

"எங்கய்யா போறே?"

"மகன் வீட்டுக்கு."

"அங்க உனக்கு என்ன இருக்கு?"

"அங்க ஒண்ணும்..." எவேலியோ சட்டென்று நிறுத்தினார். "ஒண்ணும் பெருசா கிடையாதுங்க."

கூட்டம் ஆகா என்றது. ருபியேலாவின் உதடுகூடத் துடித்தது. "கத்துக்கிட்டே," என்றாள். "அப்ப இத்தனை நாளும் வேணும்னேதான் தோத்தியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அது போதுமான பதிலாக இருந்தது.

"அன்னிக்கு அடுப்படியில ஒண்ணு கேட்டியே. அதைத் திருப்பிக் கேளு."

"எல்லார் முன்னாடியுமா?"

"அன்னிக்கு மட்டும் யார் முன்னாடி கேட்டே?"

எவேலியோ தொப்பியைக் கழற்றினார். "ருபியேலா, என்னைக் கட்டிக்கிறீங்களா?"

ருபியேலா தலையை ஆட்டினாள்.

"தலையாட்டுனா செல்லாது!" என்று பழக்காரி கத்தினாள். "எங்க வீட்டுக் கழுதைகூடத்தான் ஆட்டுது!"

"நீ உன் மாம்பழத்தைப் பாருடி!" என்று அவள் பக்கம் பாய்ந்துவிட்டு ருபியேலா எவேலியோவிடம் திரும்பினாள். "கட்டிக்காம? பின்ன உன் பன்னிக்குட்டியையா கட்டிக்குவேன்?"

எல்லோரும் சிரித்தோம். எங்கள் கணக்கில் அது முழுச் சம்மதம். இதைவிடத் தெளிவாக அந்த வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை. எவேலியோ மட்டும் சிரிக்கவில்லை.

"டிக்கெட் வாங்க வர்றவங்களுக்குச் சொல்ற பதில் எனக்கு வேணாங்க," என்றார். அந்தச் சின்னக் குரலில் அவர் எதையும் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

ருபியேலா சுற்றிலும் பார்த்தாள். கூட்டத்தில் ஒவ்வொருவரும் அவளிடம் தோற்றவர்கள். ஒவ்வொருவரும் அந்த ஒரு சொல்லுக்காக வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தோம். அவள் கழுத்தில் நரம்பு புடைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஆமா," என்றாள்.

எஞ்சின் இரைச்சலில் எங்கள் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. "என்னங்க?" என்றார் எவேலியோ, காதில் கையை வைத்து.

"ஆமான்னு சொன்னேன்! ஆமா! ஆமாய்யா ஆமா!"

பூங்கா நீரூற்றின் மேலிருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. பிறகு ஷூ துடைக்கிறவர் பிரஷ்ஷைத் தூக்கி வீசினார், பழக்காரி என்னைக் கட்டிப்பிடித்தாள், "அகினால்டோ! அகினால்டோ!" என்று ரொட்டிக் கடை வரிசை மொத்தமும் குதித்தது. நெல்சி கன்னத்தில் கண்ணீரோடு எதிர்த் திசையிலிருந்து ஓடிவந்தாள். உச்சியில் பன்றிக்குட்டி கத்தியது.

கத்த வேண்டிய மனிதர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"கத்துங்கய்யா! மாட்டிக்கிட்டாங்க! ஜெயிச்சுட்டீங்க!"

அவர் என் பக்கம் திரும்பினார்.

"எதுல?" என்று கேட்டார்.

ருபியேலா என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, ஜீப்புக்குள் கையை விட்டு எஞ்சினை அணைத்தாள். சாவியை உருவி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.